சில்லு இருந்த இடம்

லோகு சாப்பிடப் போய்விட்டான். ஜேசிபியின் கையை மடக்கி, வாளியைக் குழி ஓரத்தில் கவிழ்த்துவைத்து, "கல்லுதானுங்க அண்ணாச்சி, சாப்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டான் அந்த ஆத்தூர்க்காரன். கல்லாம். கல்லில் வாளி பட்டால் எப்படிச் சத்தம் வரும் என்று மந்திரமூர்த்திக்குத் தெரியாதா என்ன? கல்லென்றால் கிறீச்சென்று பல் கூசும். இது டொம்மென்றது. பிறகு சரசரவென்று கொஞ்சம் செம்மண் உள்ளே போகிற ஓசை. வாழ்நாளெல்லாம் ஊர்விட்டு ஊர் போகிறவர்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றிக்கொடுத்த மனுஷர் அவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினால் எது காலி, எது நிறைந்தது, எதில் விரிசல் என்று சொல்லிவிடுவார். இது காலியும் இல்லை, நிறைந்ததும் இல்லை. பாதி. பாதி நிறைந்த பானைக்கென்று ஒரு சத்தம் உண்டு, அது நிறைந்த பானையைவிட ஆசை காட்டும். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்தச் சத்தம் கேட்டதும் அவர் மனசு தங்கம் என்றது. செப்டிக் டேங்குக்குத் தோண்டுகிற குழியில் தங்கம்! ஆனால் ஏன் இருக்கக் கூடாது? தாமிரபரணிக்குத் தெற்கே இந்தப் பரம்பு மேடு முழுக்க ஒருகாலத்தில் உடைமுள்ளும் செம்மண்ணும்தான், பிளாட் போட்டு 'நகர்' என்று பெயர் வைத்தது இப்போதுதான். எங்கேயோ முதுமக்கள் தாழிக்குள் தங்கப் பட்டம் இருந்ததாம், நெற்றியில் கட்டுகிறதாம் என்று டீக்கடையில் பேசுவார்கள். கூடவே இன்னொன்றும் பேசுவார்கள், சொல்லக் கூடாது, சொன்னால் தொல்லியல்காரர்கள் வந்து சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள், அப்புறம் நம் மண்ணில் நாமே ஒரு முருங்கை நட முடியாது என்று. அதனால்தான் வாளி பட்டதும் மந்திரமூர்த்தி வாயை இறுக்கிக்கொண்டார், லோகு கல் என்றதும் ஆமாமா கல்தான் என்றார், அவன் மொபெட் திரும்புகிற வரை மூச்சு விடவில்லை, திரும்பியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார்.

டேங்க் இன்றைக்கு முடிந்தாக வேண்டும். சிமெண்ட் உறைகள் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கின்றன, ஜேசிபி வண்டி நாளைக்கு வேறு ஊருக்குப் போகிறது, பிறகு எப்போது வரும் என்று லோகுவுக்கே தெரியாது. உலகம்மையின் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வெஸ்டர்ன் கக்கூஸ் வையுங்கள் என்று. அதுவரை எதிர்த்த வீட்டில் கேட்டுப் போய்வருகிறாள், ஒவ்வொரு தடவையும் கம்பை ஊன்றித் தெருவைக் கடந்து, எப்போதும் எதையாவது கொடுக்கப் போகிறவள் மாதிரி கையில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு. அந்தக் கிண்ணத்தில் ஒன்றுமே இருக்காது. மந்திரமூர்த்தி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டார், பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. வாங்கிவைத்த பீங்கான் பேஸின் குளியலறை தயாராகிறவரை முன்னறையில் போர்வை போர்த்தி இருக்கிறது, மளிகைக்கடைக்காரர் நாற்காலி என்று நினைத்து அதில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார், உலகம்மை சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. இதெல்லாம் தலைக்குள் ஓட, கை மட்டும் தன்பாட்டுக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. இடுப்புயரத் தாழி. மேலே ஒரு பெரிய சட்டியைக் கவிழ்த்து மூடியிருக்கிறார்கள், வாளி அதைத்தான் உடைத்திருக்கிறது. உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உள்ளே பார்த்தார். இருட்டு. பழைய மண் வாசம், மழைக்கு முந்தின வாசம் மாதிரி என்று முதலில் தோன்றியது, இல்லை, அப்படியும் இல்லை, இதுவரை எந்த வீட்டிலும் அடித்திராத ஒரு வாசம். பயமாக இருந்தது. பயத்தோடேயே கையை விட்டார்.

முதலில் ஒரு சின்னச் சட்டி வந்தது, மூடியோடு. மூடியைத் திறந்தால் கறுப்பாக என்னவோ தூள். துண்டை விரித்து அதில் வைத்தார். அடுத்து ஒரு கிண்ணம், உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, எண்ணெய் தடவின வழவழப்பு. அடுத்து இரும்பு, துருவேறிப் பொருக்குப் பொருக்காக, கத்தியோ அரிவாளோ. இன்னும் ஒரு கிண்ணம். கை அவசரப்பட்டது. விரல் நுனிகள் மஞ்சள் நிறத்தைத் தேடின, விரலுக்கு நிறம் தெரியாது என்பது மறந்துபோயிற்று. கனமாக எதுவும் படவில்லை. உருண்டையாக ஒன்று பட்டது, ஆ, செம்பு, என்று இரண்டு கையாலும் தூக்கினார், வெளிச்சத்துக்கு வந்தபோது அதற்குப் பற்கள் இருந்தன. முருகா. அதைக் கீழே போடாமல் இருந்தாரே, அது அவர் தொழில் செய்த புண்ணியம். கைக்கு வந்த பொருளை என்ன ஆனாலும் நழுவ விடுவதில்லை, வீட்டுக்காரர்கள் கத்தினாலும், படியில் கால் தவறினாலும். துண்டின் மேல் மெதுவாக வைத்தார். வைத்துவிட்டு, மன்னிச்சுக்கிடும், என்றார். யாரிடம் சொன்னார்? ஆணா பெண்ணா? கிழமா? பற்கள் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன, அவருடைய பல்லைவிட ஒழுங்காக இருக்கின்றன. பயம் கொஞ்சம் இறங்கியதும் கை மறுபடி உள்ளே போயிற்று, அடிவரை துழாவி அள்ளித் துண்டில் போட்டது, நீள எலும்பு, குச்சி எலும்பு, விரலெலும்பு, மண். தங்கம் இல்லை. ஒரு குன்றிமணிகூட இல்லை. ஐம்பது தாண்டிய ஆள் குழிக்குள் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

லோகு வருவதற்குள் இதையெல்லாம் எங்கே தள்ளலாம் என்று துண்டைப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். இந்தக் கிண்ணம் அந்தக் கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்காரும். ஆனால் அப்படி வைக்கவில்லையே, இதைப் பக்கவாட்டில் அல்லவா சாய்த்து வைத்திருந்தான்? தாழியின் வளைவுக்கும் எலும்புக்கும் நடுவே, இடைவெளியில் சாமான் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கிற மாதிரி. பாவி, இது பேக்கிங். இவன் நம்ம ஆள். கட்டத் தெரிந்தவன் கட்டியிருக்கிறான். கனமானது கீழே, மெல்லிசு மேலே, கூரானது சுவரைப் பார்த்து, உள்ளே இருப்பவரைக் குத்தாதபடி. சாமான் கட்டுகிற விதத்தை வைத்து ஒரு வீட்டையே சொல்லிவிடலாம். சண்டை போட்டுக்கொண்டே மாறுகிற வீட்டில் தட்டுகளைச் சும்மா அடுக்குவார்கள். பாளையங்கோட்டையில் ஓர் அம்மா, வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாள் முடிந்ததும் மகனோடு போகிறாள், அவருடைய செருப்பை மட்டும் யாரையும் தொட விடவில்லை, தானே செய்தித்தாளில் சுற்றினாள், இடது காலைத் தனியாக, வலது காலைத் தனியாக. எதுக்கும்மா தனித்தனியா என்று கேட்டதற்கு, ஒண்ணோட ஒண்ணு உரசிரும்லா என்றாள். அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்று அன்றைக்கு மந்திரமூர்த்திக்குத் தெரிந்துபோயிற்று, வேறெதுவும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தத் தாழியை எத்தனை பேர் சேர்ந்து கட்டினார்களோ. அழுதுகொண்டே கட்டினார்களா, அழுது முடித்துவிட்டா? அப்புறம் இந்தச் சின்னச் சட்டி. முதலில் கைக்கு வந்தது இது, அப்படியானால் கடைசியாக வைத்தது இது. கடைசியாகக் கட்டுவது எப்போதும் போனதும் முதலில் வேண்டியது. பால் காய்ச்சுகிற பாத்திரம், தீப்பெட்டி, சர்க்கரை டப்பா, இதெல்லாம் லாரியின் வாசலோரம் வரும். போய் இறங்கியதும் பசிக்கும் என்றல்லவா இதை மேலே வைத்திருக்கிறார்கள்! எங்கே போய் இறங்கியதும்? எந்த வீட்டுக்கு? சேருமிடம் தெரியாமல் அவர் ஒரு பெட்டியைக்கூடக் கட்டியதில்லை. இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிச்சயமாகத் தெரிந்து, இத்தனை தூரம், இத்தனை சாப்பாடு என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஊரைப் பற்றி இவர்களிடம் கேட்க வேண்டும்போல ஒரு அரிப்பு. தங்கம் மனசைவிட்டு எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகுதான் சில்லு கண்ணில் பட்டது. துண்டின் ஓரத்தில், எலும்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. உடைந்த ஓடு என்று முதலில் ஒதுக்கியிருப்பார். எடுத்துப் பார்த்தால் வட்டம், விளிம்பெல்லாம் உரசி உரசி மழுக்கியிருக்கிறது. கட்டம் கீறிப் பாண்டி ஆடுவதற்குப் பெண்பிள்ளைகள் ஓட்டுத் துண்டைத் தரையில் தேய்த்து வட்டமாக்கி வைத்துக்கொள்வார்களே, அதே சில்லு. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தட்டை, கட்டைவிரல் அங்கே தானாகப் போய் உட்கார்ந்தது. வேறொருவர் கட்டைவிரல் உட்கார்ந்த இடம். இது எங்கே இருந்தது? மந்திரமூர்த்தி கண்ணை மூடி யோசித்தார். சட்டி, கிண்ணம், இரும்பு, கிண்ணம், மண்டை. அப்புறம் விரலெலும்பு. சில்லு விரலெலும்போடு வந்ததா, அல்லது இரண்டாவது கிண்ணத்துக்குள் மண்ணோடு கிடந்ததா? கைக்குள் இருந்திருந்தால், போகிறவர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார், விளையாட்டுக்காரி, சாகிறவரை விடவில்லை. கிண்ணத்துக்குள் இருந்திருந்தால் வேறு கதை. இங்கே நின்றுவிட்ட ஒரு பிள்ளை, யாரும் பார்க்காதபோது, தன்னுடையதைப் போட்டு அனுப்பியிருக்கிறது. இல்லை, சும்மா மண்ணோடு மண்ணாகக் கிடந்ததென்றால் ஒன்றுமே இல்லை, ஓடு. மூன்றில் எது? இருந்த இடம் தெரிந்தால் எல்லாம் தெரியும். இடம்தான் தெரியவில்லை. கையைத் திரும்பத் தாழிக்குள் விட்டுப் பார்த்தார், கைக்கு ஞாபகம் வருமோ என்று. இப்படி விட்டேன், இப்படித் திருப்பினேன், இங்கே வழவழப்பு, இங்கே... இங்கே என்ன? வரவில்லை. ஏனென்றால் அப்போது கை சில்லைத் தேடவில்லை, தங்கத்தைத் தேடியது, தங்கமில்லாத எதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டிலைக் கழற்றினால்கூடக் காலுக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று என்று சுண்ணக்கட்டியால் குறி போட்டுவிட்டுத்தான் ஆணியில் கை வைப்பார். இருபது லாரிச் சாமானை இறக்கினாலும் எது எங்கே இருந்தது என்று கேட்டால் சொல்வார். மூவாயிரமோ நாலாயிரமோ, எத்தனை வருஷமோ, ஆடாமல் அசையாமல் வந்து சேர்ந்த ஒரு பேக்கிங்கை, சொன்னால் நாறிப்போகும், ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் கலைத்துவிட்டார். தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. கிண்ணமா, கையா. கையா, கிண்ணமா.

"என்ன செய்யுதிய உள்ள?"

உலகம்மை குழி விளிம்பில் நின்றிருந்தாள், ஒரு கையில் கம்பு, ஒரு கையில் மோர்ச் செம்பு. மறைக்க நேரமில்லை. துண்டு முழுக்கக் கிடக்கிறது, மண்டை அவளைப் பார்த்தே இருக்கிறது. அலறப்போகிறாள் என்று நினைத்தார். அவள் செம்பை மண்ணில் வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"தங்கம் கிங்கம் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல ளா."

"நெனச்சேன். நீங்க தொட்டா அப்படித்தான்." மண்டைப் பக்கம் மோவாயை நீட்டினாள். "யாரு அது, ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியலயே."

"கையில என்ன வச்சிருக்கிய?"

சில்லைத் தூக்கிக் காட்டினார். அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். பாண்டி ஆடுகிற முகம் அது, அவளை அந்த வயதில் அவருக்குத் தெரியாது.

"இது எங்கன இருந்துச்சு?" என்றாள்.

கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டுவிட்டாள். மந்திரமூர்த்தி சில்லை உள்ளங்கையில் புரட்டினார். தெரியாது என்று சொல்ல அவமானமாக இருந்தது.

மொபெட் சத்தம் கேட்டது. லோகு பல்லைக் குத்திக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான், திடுக்கிடவில்லை, தலையைக்கூடச் சொறியவில்லை. "பாத்துட்டீங்களா அண்ணாச்சி? ஒண்ணும் இருந்திருக்காதே" என்றான். "இந்த நகர்ல எந்தக் குழியிலதாங்க இது இல்ல? மூலை வீட்டு பேங்க்காரர் குழியில ரெண்டு. டீச்சரம்மா வீட்ல ஒண்ணு. உங்க எதுத்த வீட்ல சின்னதா ஒண்ணு. சத்தம் வந்தா நான் பாட்டுக்கு சாப்புடப் போயிருவேங்க. வீட்டுக்காரங்க தனியா எறங்கிப் பாத்துக்கட்டும்னு. நான் நின்னா சங்கடப்படுவாங்கல்ல?" அவன் அதை ஒரு மரியாதை மாதிரிச் சொன்னான், மரியாதைதான் போலிருக்கிறது. "வந்ததும் வாரி ஓடையில கொட்டிருவேன். யாரும் யார்கிட்டயும் சொல்றதில்லீங்க." மந்திரமூர்த்தி தெருவை நினைத்துப் பார்த்தார். காலையில் பால் வாங்கும்போது சிரிக்கிற பேங்க்காரர், டீச்சர், உலகம்மைக்குக் கதவைத் திறந்துவிடுகிற எதிர்த்த வீட்டு அம்மாள். ஒவ்வொருவரும் ஒரு மத்தியானம் இப்படித் தனியாகக் குழிக்குள் நின்றிருக்கிறார்கள், கையை விட்டிருக்கிறார்கள், ஏமாந்திருக்கிறார்கள். அத்தனை பேர் கைக்கும் எதுவும் ஞாபகமில்லை. "உள்ள எது எங்க இருந்துச்சுன்னு யாராவது பாத்தாங்களா தம்பி?" என்று கேட்டார். அவருக்கே தன் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "அதை யாருங்க பாத்தா?" என்றான் லோகு. வண்டியில் ஏறப்போனவன் நின்று, விரலை நீட்டினான். "அட, இங்க பாருங்க. ஜோடி போட்டு வந்திருக்கு."

குழியின் மேற்குச் சுவரில், வாளி வழித்த இடத்தில், செம்மண்ணுக்குள் ஒரு கறுத்த வளைவு. இன்னொரு தாழியின் தோள். அதன் மேலே கவிழ்த்த சட்டி உடையாமல் அப்படியே இருந்தது. சிமெண்ட் உறை சரியாக அங்கேதான் இறங்க வேண்டும். மந்திரமூர்த்தி சட்டியின் மேல் கையை வைத்தார், தட்டவில்லை. இதற்குள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஒருவேளை இதிலும் ஒரு சில்லு இருக்கும். இருந்தால் அது கையில் இருக்கும், அல்லது கிண்ணத்தில் இருக்கும், பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்தால் துண்டில் கிடக்கிற இதுவும் எங்கே இருந்தது என்று ஒரு வழி பிறக்கும். இதே கை கட்டினதுதானா என்றும் தெரியும். ஆனால் பார்க்கத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டால் கயிறு. கயிறென்றால் வண்டி போய்விடும், உறைகள் வாசலிலேயே கிடக்கும், போர்வை போர்த்திய பேஸின் முன்னறையில் கிடக்கும், ஒன்றுமில்லாத கிண்ணத்தோடு இவள் தெருவைக் கடந்துகொண்டே இருப்பாள், எத்தனை மாதமோ. தெரிந்துகொள்கிற ஆசை அவருக்கு, நடக்கிற வலி அவளுக்கு. இதை எந்த வாயால் கேட்பது? கேட்கக் கூடாது. கேட்கவே கூடாது என்று முடிவு கட்டினார். முடிவு கட்டிய கை சட்டியை விட்டு எடுபடவில்லை.

"எடுத்துரலாங்களா அக்கா?" லோகு ஜேசிபியில் ஏறி உட்கார்ந்து கேட்டான். என்ஜின் உறுமத் தொடங்கியது, வாளி மேலே எழும்பியது, அதிர்வில் சுவரிலிருந்து பொடிமண் உதிர்ந்து அவர் விரல்மேல் விழுந்தது. "அண்ணாச்சி, மேல வந்துருங்க."

உலகம்மை கம்பைத் தரையில் போட்டாள். ஒரு கையால் மண்ணை ஊன்றி, முகத்தைச் சுளித்து, அம்மாடீ என்று முனகிக்கொண்டே வாளிக்கு நேர் கீழே குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கீழே உட்கார்ந்தால் அவளைத் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். லோகு பதறி என்ஜினை அணைத்தான்.

"ஏளா, என்ன பண்ணுத?"

"போன் போடுங்க."

"யாருக்கு?"

"யாருக்கோ. இதெல்லாம் பாக்கத் தெரிஞ்சவுக எவுகளோ, அவுகளுக்கு."

"உன் காலு..."

"காலு எப்படியும் வலிக்கத்தான் செய்யும். கீழ யாரு இருக்கா யாரு இருக்கான்னு தெனமும் கேட்டுக்கிட்டே அதுல போயி ஒக்கார என்னால ஆவாது. அந்தச் சில்லு எங்கன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

மந்திரமூர்த்திக்கு அவள் மேல் அப்படி ஓர் ஆசை வந்தது, கல்யாணமான புதிதில்கூட வராத ஆசை. அண்ணாந்து பார்த்தபடி நின்றார். வெயில் குழிக்குள் நேராக இறங்கியிருந்தது.

"பாத்துக்கிட்டு நிக்காதிய," என்றாள் உலகம்மை. "எத்தன காலமா நிழல்ல இருந்த தல அது. மொதல்ல அதுமேல எதையாவது போட்டு மூடுங்க."

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.